ஸ்பானிஷ் படித்த மகனுக்கு, செக்கிங் டேபிளிலிருந்து

கண்ணு, இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது ரயில் ஈரோட்டைத் தாண்டியிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். பசித்தால்தான் நீ பையைத் திறப்பாய், எனக்குத் தெரியும். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் எனக்கு வாய் நிறையப் பேச்சு வரும், ஆனால் வருவதெல்லாம் சண்டையாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை எழுத்துக் கூட்டி எழுதும்போது கோபம் பாதி வழியில் களைத்துப்போகிறது. மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங் லிஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை பெங்களூரில் அந்த மொழிபெயர்ப்புக் கம்பெனியில் நீ சேர வேண்டும். பழைய வேலையின் சர்டிபிகேட் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சர்டிபிகேட் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், மேனேஜர் மேசைக்குள் கிடந்தது. அதைத் தர வேண்டுமென்றால் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆடிட் அன்று நான் எந்தக் குறையும் சொல்லவில்லை, மொழிபெயர்த்த என் மகன்தான் தானாகச் சேர்த்துச் சொன்னான் என்று அந்தத் தாளில் இருந்தது. போட்டேனா இல்லையா என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே, சர்டிபிகேட் இல்லாமல் போய்க் கெஞ்சிப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டாய். நானும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் ஆரம்பித்தால் என் பக்கம் நியாயம் இருப்பதுபோல் ஆகிவிடும்.

வெளிநாட்டுக்காரர்கள் துணிக்கு வைத்திருந்த கோட்டாவை எடுத்த மறு வருஷம் நம் கம்பெனிக்குச் சரக்கு வாங்க ஸ்பெயின் பையர் வந்தார்கள். நீ அப்போதுதான் ஆபீசில், பையரோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாகச் சேர்ந்திருந்தாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயமுத்தூர் போய் ஸ்பானிஷ் படிக்கப்போகிறேன் என்றாய். ஊரே கம்ப்யூட்டரில் கணக்கெழுத டேலி படிக்கிறது, நீ எந்தக் கண்டத்துப் பாஷையைப் படிக்கப்போகிறாய் என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. கையில் சோற்றோடு, "நெறைய வழி இருக்குதுங்கம்மா. பையரோட பாஷை தெரிஞ்சா இங்கயே மெர்ச்சண்டைசர் ஆயிரலாமுங்க. இல்லீன்னா சொல்லிக் குடுக்கற வேலை இருக்குது. டூரிஸ்ட்டுகளைக் கூட்டிட்டுப் போற வேலை இருக்குது. போன்ல பேசற கம்பெனி இருக்குது. காகிதத்தை மொழிபெயர்க்கற வேலை இருக்குது. டெல்லியில எம்பசியே இருக்குதுங்கம்மா" என்றாய். நீ சொன்ன வரிசைகூட எனக்கு மாறவில்லை. எம்பசி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்துவிடுமே என்று, "ரசம் ஊத்தட்டுமா?" என்றேன்.

கணியூரில் இருக்கும் உன் மாமன் சொன்னதையும் நான் மறக்கவில்லை. தன் மகளை உனக்குத் தருவதாகப் பேச்சு இருந்த சமயம். நீ படிப்பில் சேர்ந்தது தெரிந்ததும் பந்தியில் அத்தனை பேர் முன்னால், "ஏனுங்கக்கா, என்ற புள்ளைய உங்கூட்டுக்கு அனுப்பினா, உப்புத் தீந்துபோச்சுன்னு எந்தப் பாஷையில சொல்லோணும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் இலை வரிசைப்படி சொல்வேன். அந்தப் பெண்ணை மடத்துக்குளத்தில் ஒரு டிராக்டர்க்காரனுக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிடாமல் வந்தேன்.

இரண்டு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் போனாய். ஸ்பெயின் பையர் அம்மா முதல் தடவை பீஸ் பார்க்கச் செக்கிங்குக்கு வந்தபோது முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நீ பேசினாய். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் ஷெட்டில் பையர் சிரித்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. சாயங்காலம் உன்னைக் கேட்டேன், "என்ன கண்ணு சொன்னே, அப்படிச் சிரிச்சா?" "கழுத்துப் பட்டி லூசா இருக்குதுன்னு சொன்னாங்க. மூணு தடவை தொவைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னனுங்க." "இதுக்கா சிரிச்சா?" "அவங்க பாஷையில யாரோ பேசறாங்களேன்னு சிரிச்சாங்கம்மா." அன்றிலிருந்து ஷெட்டில் உனக்கு ஸ்பானிஷ் தம்பி என்று பெயர். ஸ்பானிஷ் தம்பியோட அம்மா என்று எனக்கும் ஒரு மரியாதை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கப் பையர் அனுப்பும் ஆடிட் வரப்போகிறது என்றால் எங்கள் கம்பெனியில் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். டாய்லெட்டுக்குப் புது பக்கெட் வரும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். ஆளுக்கொரு மாஸ்க் வரும், மறுநாள் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் கேள்வி பதில் தாள். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஓ.டி. உண்டா? விருப்பம் இருந்தால் மட்டும். திட்டுவார்களா? இல்லீங்க. சின்னப் பிள்ளைகளின் பரிட்சை போல ஒரு வாரம் ஒப்பிக்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் எனக்கு மறக்காது என்று மேனேஜருக்குத் தெரியும். "நம்ம அம்மா ஞாபகத்துக்கு முன்னால கம்ப்யூட்டர் நிக்குமுங்களா?" என்று சொல்லி, ஸ்பெயினிலிருந்து வரும் ஆடிட் அம்மாவிடம் பேச அனுப்ப வேண்டிய பெயர்களில் என்னை முதலாவதாக எழுதிவைத்தார்.

சென்னையிலிருந்து வர வேண்டிய மொழிபெயர்ப்புப் பெண் அன்று வரவில்லை. "எங்க பையனே இருக்கானுங்க" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். அம்மா சொல்ல, மகன் மொழிபெயர்க்க, இரண்டு பேருமே தன் சம்பளத்தில் இருப்பவர்கள். அவருக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? நீ என்னைப் பார்த்ததும் திகைத்தாய். நான் புடவையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாறு கேள்வி தாளில் இருந்தபடியே போனது. அவள் கேட்க, நீ தமிழில் சொல்ல, நான் ஒப்பிக்க, நீ அந்தப் பக்கம் சொல்ல. பிறகு அவள் கேட்டாள். வீட்டில் சாவோ நோயோ என்றால் லீவு கொடுக்கிறார்களா?

தாளில் இருந்த பதில், கேட்ட உடனே தருவார்கள் என்பது. எனக்கு வாய் வரவில்லை. என் அம்மா செத்த நாள் உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. நீ அப்போது காலேஜில் இருந்தாய். வெள்ளகோவிலிலிருந்து காலை பத்து மணிக்குக் கம்பெனிக்கு போன் வந்துவிட்டது. அன்று ஷிப்மெண்ட். கடைசிப் பெட்டி லாரியில் ஏறிய பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். பொம்பளை அங்கே வரக் கூடாது என்று தெருமுனையிலேயே என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். என்னைப் பெற்றவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. மறுவாரம் மேனேஜரிடம் கேட்டேன். "காலையில சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க. உங்க டேபிளை யாருங்கம்மா பாக்கறது?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அது எல்லாவற்றையும் அன்று கொட்டிவிட்டேன். எத்தனை மணிக்கு போன் வந்தது, போனை எடுத்தது யார், அதற்குப் பிறகு என்னிடம் எத்தனை தடவை பீஸ் வாங்கிப்போனார்கள், சாயங்காலம் சாவைச் சொல்லும்போது மேனேஜர் கையில் டீ கிளாஸ் இருந்தது உட்பட. கால் மணி நேரம் இருக்கும். உன் வேலை என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை, கண்ணு. என் வஞ்சத்துக்கு ஒரு வாய் கிடைத்தது. அது பெற்ற பிள்ளையின் வாய் என்பது அப்போது எனக்குப் படவில்லை.

முடித்துவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ அந்த அம்மாவிடம் ஏதோ நாலு வார்த்தை சொன்னாய். அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். நீ தலையை ஆட்டினாய். பேனாவை மூடிவிட்டாள். அவ்வளவுதான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் நீளம் தெரியும். கால் மணி நேரம் நான் அழுததை ஒரு மூச்சில் முழுங்கிவிட்டான், வேலைக்குப் பயந்து கம்பெனி பக்கம் போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து நீ, "அம்மா, ஒரு நிமிசமுங்க" என்றாய். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் சென்னைப் பெண் வந்தாள். என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அதற்குள் ஷெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து வந்து பேக்கிங்கில் வேலை செய்யும் மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஆர்டர் போச்சுன்னா நாங்க எங்கக்கா போவோம்? தங்கச்சிய போன மாசந்தான் கூட்டியாந்தேன். ஒங்களுக்காச்சும் இங்க ஒரு வீடு கெடக்கு" என்றாள். அவளுக்காக மாற்றிச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். என் மகனே முழுங்கியதை ஊரான் பெண்ணிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற ஆங்காரம்தான் மீதி. தாளில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். கடைசியில் அவள் கேட்டாள், நேற்று நீங்கள் வேறு ஏதோ சொன்னீர்களாமே? "நான் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க. என்ற மகன் என்ன சொன்னானோ, அவனைத்தான் கேக்கோணும்" என்றேன்.

அந்த வாரமே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். கம்பெனி சோற்றைத் தின்றுகொண்டு பையரிடம் போட்டுக்கொடுத்தவன் என்று உனக்குப் பெயர் ஆனது. எனக்கு வேலை இருந்தது.

நாற்பத்தொரு நாள் நான் உன்னோடு பேசவில்லை. உன் அக்கா லீவுக்கு விட்டுப்போன பேத்தியிடம், "மாமனைச் சோறு திங்கச் சொல்லு" என்பேன். அவள் உன்னிடம் ஓடிவந்து, "மாமா, அம்மாயி திங்கச் சொல்லுது" என்பாள். நீ, "அம்மாயி தின்னாச்சான்னு கேளு" என்பாய். தட்டு ஒரே அடுப்படியில்தான் இருந்தது.

அந்த நாற்பத்தொரு நாளும் நீ ஏறி இறங்கிய படிகளைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போனில் சிநேகிதர்களிடம் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. வெளிநாட்டுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் பையிங் ஆபீஸ்களில், ஆடிட்டில் பேசின பையன் நீதானா என்று கேட்டு அனுப்பினார்கள். மங்கலம் ரோட்டில் ஒருவர் உட்காரவைத்து டீ கொடுத்து, "பாஷை நல்லாத்தான் வருது தம்பி, ஆனா எங்களுக்கு அவ்வளவு நல்லா வேண்டாம்" என்றாராம். உன் கோயமுத்தூர் வாத்தியார் வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாலு பிள்ளைகள் படிக்கிற வகுப்பு. மற்றவர்கள் ஜெர்மனுக்கும் ஜப்பானுக்கும் போய்விட்டார்கள், நீயும் இதில் மேல் பரிட்சை எழுதாமல் காலேஜில் வேலை கேட்க முடியாது என்றார். ஊட்டிக்கு வரும் வெள்ளைக்காரர்களில் ஸ்பானிஷ் பேசுகிறவன் எத்தனை பேர்? அதுவும் நடக்கவில்லை. போனில் பேசும் கம்பெனி உன் பேச்சை வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்பெயின் பேச்சு வேறு, மெக்சிகோ பேச்சு வேறு, எங்களுக்கு அதுதான் வேண்டும் என்றது. நீ சோறு தின்றுகொண்டே அன்று எனக்கு வரிசையாகச் சொன்ன வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. எதையும் என்னால் தள்ளித் திறக்க முடியாது. எந்த ஆபீசுக்குப் போய் யாரைக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் உனக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய் அந்த வாத்தியார் வீட்டு வாசலில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன்னோடு நான் பேச ஆரம்பித்ததற்கும் உன் மாமன்தான் காரணம். கோயில் திருவிழாச் சாட்டுக்குப் போயிருந்தபோது, "பெத்தவ பேச்சையே மாத்திச் சொன்னவனாமே? இதுக்கா அக்கா ரெண்டு வருசம் படிச்சான்?" என்றான். "என்ற மகன் மாத்தினதை நீ பக்கத்துல நின்னு கேட்டியா? உனக்குத் தமிழே தகராறு" என்று பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, என்ன சொன்னாய் என்று நானும் உன்னிடம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தப் பேச்சு புரியாது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உன்னிடம் கேட்டேன், "அன்னைக்கு அவகிட்ட நீ என்னதான் சொன்னே?"

நீ சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாய். நிறுத்தாமலே சொன்னாய். "'இவங்க என்ற அம்மா. சொந்தக்காரங்க பேச்சை நான் மொழிபெயர்க்கக் கூடாது. இவங்க சொன்னது முக்கியமானது. நாளைக்கு வேற ஆளை வெச்சு முழுசாக் கேளுங்க.' இவ்வளவுதானுங்கம்மா சொன்னேன்."

"அதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்ல வந்தனுங்க. நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

எனக்காக நீ வேறு ஆளைக் கேட்டிருக்கிறாய். வந்த ஆளிடம் நான் உன்னைப் பொய்யனாக்கியிருக்கிறேன். நீ தேய்த்துக்கொண்டே இருந்தாய். திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், என் பிழைப்பு அதுதான். நீ அந்தச் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாய்.

அப்புறம்தான் பெங்களூர்க் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் காகிதங்கள், இன்சூரன்ஸ் காகிதங்கள், கோர்ட்டுக் காகிதங்களை மொழிபெயர்க்கும் வேலை, யார் முகமும் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அது எனக்கு வலித்தது. ஒருத்தியைச் சிரிக்கவைத்த பேச்சு உனக்கு இருந்தது.

அம்மா என்றால் போகிற பிள்ளைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாத்தியார் சொன்ன மேல் பரிட்சையை இந்த வருஷமே எழுது. பாதிப் படிப்பை நம்பி நிற்காதே. பாஷையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இராதே. நூல் தெரியும், துணி தெரியும், ஒரு பீஸைத் தொட்டாலே எடை சொல்வாய், அதையும் மறக்காமல் வைத்துக்கொள். சர்டிபிகேட்டை வருஷா வருஷம் கேட்டு வாங்கிவிடு, வெளியே வரும் நாளுக்காக விட்டுவைக்காதே. யாராவது இந்தப் பாஷை படிக்கலாமா என்று உன்னைக் கேட்டால், நிறைய வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. வழி யார் வீட்டு வாசலில் முடிகிறது என்பதையும் சொல். இதற்கு மேல் எனக்குத் தெரியாது கண்ணு. தெரிந்ததுபோல எழுதினால் நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

இனி அந்தத் தாள். "போட்டுருங்கம்மா, அதை யாரும் பாக்கப் போறதில்லீங்க" என்று நீ ஒரு தடவை சொன்னாய். பிறகு, "உங்களுக்கு மனசில்லீன்னா வேண்டாமுங்க" என்றாய். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாய். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முந்தாநாள் போனேன். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். முதல் நாள் ஆடிட் குறிப்பை ஸ்பெயினில் இன்னும் மூடவில்லையாம், என் கையெழுத்து போனால்தான் மூடுவார்களாம். நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்.

"தானாச் சேர்த்துச் சொன்னான்கற வரிய எடுத்துருங்க" என்றேன். "நான் பொய் சொன்னேன்னு போட்டுக்குங்க."

"அப்படிப் போட்டா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, மறுநாள் சொன்னது பொய்யான்னு கேப்பாங்கம்மா. ஊரு பூராப் பேசின விசயம். தம்பி எங்கியோ போய் நல்லா இருக்கட்டுமுங்க. ஒரு கையெழுத்துதானுங்களே."

"அவன் மாத்திச் சொல்லலீங்க."

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமுங்களா?"

இல்லை என்றேன்.

போட்டுவிட்டேன். பெயரை முழுதாக, உன் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போட்டேன். அவர் சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தார். இங்கிலீஷில் இருக்கிறது, உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மேரியிடம் காட்டினேன், நல்லதாகத்தான் தெரியுது என்றாள், அவளுக்கும் தெரியாது. நீலச் சட்டை மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு, கொடுக்கலாம் என்றால் கொடு.

என்னை மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். நான் யாரையும் மன்னித்ததில்லை, கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஒன்றே ஒன்று. நான் கையெழுத்துப் போட்ட தாள் தமிழில் இருக்கிறது. ஸ்பெயினில் இருக்கிற அந்த ஆடிட்காரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க எங்காவது ஒரு கம்பெனிக்கு அனுப்புவாள். அது சுற்றிச் சுற்றி உன் மேசைக்கே வந்தாலும் வரலாம். வந்தால், அம்மா கையெழுத்துப் போட்டது என்று வேறு ஆளிடம் தள்ளிவிடாதே. எனக்காக ஒரு வார்த்தையையும் குறைக்காதே, கூட்டாதே. தாளில் இருக்கிற பொய்யை உள்ளது உள்ளபடி எழுதி, கீழே என் பெயரையும் போட்டு அனுப்பிவிடு.